தம்பி சான் ஃபிரான்சிஸ்கோ கே மென்ஸ் கோரஸ்ல பாடுதான், டிசம்பர் கச்சேரிக்கு அம்மா அப்பாவ அனுப்பலாமா?

பாளை_ஆல்டோ

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சிட்டு போறதோட சரி, போஸ்ட் எதும் போட்டதில்ல. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிடுங்க.

எங்க வீட்ல எல்லாரும் சர்ச் குவையர், அதாவது பாடகர் குழு ஆளுங்கதான். அம்மா கல்யாணமாகி பாளையங்கோட்டைக்கு வந்ததுல இருந்து ஆல்டோ (பொம்பளைங்கள்ல கீழ்க் குரல்), அப்பா பாஸ் (ஆம்பளைங்கள்ல கீழ்க் குரல்; சுதி ஒருநாள் நிக்கும் ஒருநாள் நிக்காது, ஆனா ஒரு பிராக்டிஸ் விடமாட்டாவ), நானும் ஆல்டோ. தம்பி மட்டும் டெனர், ஆம்பளைங்கள்ல மேல் குரல். எங்க குவையர்ல டெனருக்கு எப்பவுமே பஞ்சம், பையங்க படிச்சு முடிச்ச உடனே சென்னை பெங்களூர்னு கிளம்பிருவானுவ, அதனால குரல் உடைஞ்ச கையோட அவன பெரியவங்க கூட நிறுத்திட்டாவ. சோல்ஃபா புஸ்தகத்த (டோ ரே மி எழுத்துல ராகம் எழுதினது) கைல குடுத்தா முன்னபின்ன கேட்காத பாட்டையும் பாத்த உடனே படிச்சிருவான். டிசம்பர் வந்தா வீடு வீடா போயி கிறிஸ்மஸ் பாட்டு பாடுற கேரல் ரவுண்ட்ஸ், ராத்திரி முழுக்க வேன்ல சுத்திட்டு விடியக்காலம் வீட்டுக்கு வந்து தொண்டை கட்டிப்போயி பேசவே முடியாம கெடப்பான், அம்மா சுக்குக்காப்பி போட்டுக் குடுப்பாவ, மறுநாள் ராத்திரி திரும்பவும் கிளம்பிருவான்.

இப்ப அவன் சான் ஃபிரான்சிஸ்கோல வேலை பாக்கான். போன வருஷத்துக்கு முந்துன வருஷம் லீவுல வந்தப்ப எங்க எல்லாத்தயும் உக்கார வச்சு, நான் இப்படித்தான், எனக்கு பொண்ணு பாக்காதீங்கன்னு சொல்லிட்டான். அம்மா அழுதாவ. அப்பா ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு போயி மோட்டார் போட்டாவ, டேங்க் ரொம்பி வழிஞ்சு ஓடுற வரைக்கும் மாடிலேயே நின்னாவ. அதுக்கப்புறம் போன்ல பேசுவாங்க, சாப்ட்டியா, குளிரா, வேலை எப்படி, அவ்வளவுதான். அந்தப் பேச்ச மட்டும் யாரும் எடுக்கதில்ல.

அங்க போயி அவன் இந்த கே மென்ஸ் கோரஸ்ல, அதாவது ஆம்பளைங்கள விரும்புற ஆம்பளைங்க சேந்து பாடுற குவையர்ல சேந்திருக்கான். எனக்கு அதப்பத்தி எல்லாம் அனுப்புவான், இந்த டிசம்பர்ல என்ன பாடப்போறோம், வசந்தகாலத்துல புதுசா எழுதி வாங்கின பாட்டு என்ன, ஜூன்ல கே ஆளுங்க கொண்டாடுற பிரைட் மாசத்துக்கு என்ன, எந்த ஹால்னு. நானும் கேட்டுட்டு நல்லாருக்குலன்னு சொல்லிருவேன். இப்ப விஷயம் என்னன்னா அம்மா அப்பாக்கு விசா வந்துட்டு, நவம்பர்ல திருவனந்தபுரத்துல ஏறுதாங்க. போன ஞாயித்துக்கிழம வீடியோ கால்ல அவனே நேரா கேட்டுட்டான், அம்மா எங்க கோரஸ் டிசம்பர் கச்சேரிக்கு டிக்கெட் போட்டுரட்டான்னு. அம்மா ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் என்னல பாட்டு படிப்பியன்னு கேட்டாவ. கிறிஸ்மஸ் பாட்டும் உண்டும்மான்னான். அப்பா அந்தப்பக்கம் பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாவ, பாக்கலாம்னு மட்டும் சொன்னாவ. எங்க வீட்ல பாக்கலாம்னா சரிங்கதுக்கும் இல்லைங்கதுக்கும் நடுவுல எங்கயோ இருக்கும்.

எனக்கு தெரிய வேண்டியது என்னன்னா, அங்க நெசமாவே என்ன நடக்கும்? பாட்டு மட்டும்தானா, இல்ல அம்மாக்கு சங்கடமா ஆகுற மாதிரி ஆட்டம் பாட்டம் பேச்சு இருக்குமா? பாடுறவங்க வீட்டு ஆளுங்கள எழுந்திரிக்க சொல்லி கைதட்டுவாங்களா, அப்படி எதும் பண்ணிட்டா எங்கப்பா அதோட நேரா ஏர்போர்ட்தான். என்ன உடுத்திட்டு போணும்? அந்த கோரஸ் எப்ப இருந்து இருக்கு, என்ன ஏதுன்னு தெரிஞ்சா அம்மாட்ட மெதுவா சொல்லி வைக்கலாம்னு பாக்கேன். நம்ம பக்கத்து ஆளுங்க யாராச்சும் போயிருந்தா சொல்லுங்க. பிரசங்கம் பண்ணணும்னு நினைக்கிறவங்க தயவுசெஞ்சு வேண்டாம், அதெல்லாம் எங்க தெருவுலயே நெறைய கேட்டாச்சு.

வள்ளியூர்_ஃப்ரீமாண்ட்

அக்கா வணக்கம். நான் வள்ளியூர், இப்ப ஃப்ரீமாண்ட்ல இருக்கேன், குடும்பத்தோட. என் கூட வேலை பாக்க ஒருத்தர் அந்த கோரஸ்ல பாரிட்டோன் (டெனருக்கும் பாஸுக்கும் நடுக் குரல்) பாடுறாரு, அவர் கூப்பிட்டுத்தான் டிசம்பர் ஷோவுக்கு நாங்க போனோம், எங்க மாமியாரும் ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, அவங்களையும் கூட்டிட்டு போனோம்.

யாரையும் எழுப்பி நிறுத்தமாட்டாங்க, அந்த பயம் வேண்டாம். பெரிய ஹால், கூட்டம் ஆயிரத்துக்கு மேல இருக்கும், பாதி பேரு வயசானவங்க, குடும்பமா வந்தவங்க, சின்னப் புள்ளைங்களும் உண்டு. மேடைல 200 பேருக்கு மேல ஆம்பளைங்க வரிசை வரிசையா கறுப்பு சூட்ல வந்து நிப்பாங்க. முதல் பாட்டு ஆரம்பிக்கும்போது அந்த பாஸ் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும் பாருங்க, எங்க மாமியார் என் கைய புடிச்சிட்டாங்க. சர்ச்சே போகாதவங்க அவங்க, சுடலைமாடன் கொடைக்கு போற ஆளு.

முழுக்க பக்திப்பாட்டுன்னு நினைச்சிராதீங்க. பழைய கேரல் இருக்கும், யூதர்களோட ஹனுக்கா பாட்டு ஒண்ணு இருக்கும், சினிமா பாட்டு மாதிரி ஜாலியா ரெண்டு மூணு, நடுவுல கொஞ்ச பேரு சாண்டா தொப்பி மான் கொம்பு எல்லாம் மாட்டிக்கிட்டு வந்து ஆடுவாங்க. கொஞ்சம் குறும்பான ஜோக் உண்டு, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன், ஆனா இங்கிலீஷ்ல வேகமா சொல்லுறதால வீட்ல பெரியவங்களுக்கு பாதி விளங்காது, சுத்தி எல்லாரும் சிரிக்கையில கூட சேந்து சிரிச்சிட்டு போயிருவாங்க. டிசம்பர் ஷோ ரொம்ப பதமாத்தான் இருக்கும். ஜூன் மாசம் பிரைட் சமயத்து ஷோ வேற மாதிரி, அது கொஞ்சம் காரம் சாஸ்தி, முதல்தடவையே அதுக்கு கூட்டிட்டு போகாம டிசம்பர தம்பி எடுத்தது நல்லதுதான்.

இன்னொண்ணு, மேடை ஓரமா ஒருத்தர் நின்னு எல்லாப் பாட்டையும் காது கேளாதவங்களுக்காக கையால சைகைல சொல்லிட்டே இருப்பாரு. நாங்க போனப்ப ஒரு பழைய கிறிஸ்மஸ் பாட்ட எல்லாரும் சேந்து ஒரு சரணம் பாடினாங்க, அடுத்த சரணத்துக்கு பியானோவும் நின்னுபோச்சு, யாரும் வாயத் தொறக்கல, அத்தனை பேரும் ஒரே சமயத்துல கையாலயே பாடினாங்க. 200 பேரு 400 கை. ஹால்ல ஒரு இருமல் சத்தம் கூட இல்ல. அந்தப் பாட்டு உங்க அம்மாவுக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரிஞ்சிருக்கும், இங்கிலீஷ் தெரியாட்டியும் எந்த வரிக்கு எந்த சைகைன்னு அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க.

கிறிஸ்மஸ் ஈவ் அன்னைக்கு காஸ்ட்ரோ தியேட்டர்ல பாடுறது அவங்களுக்கு ரொம்ப வருஷத்து வழக்கம். அது 1922ல கட்டின பழைய சினிமா கொட்டகை, 2024ல ரெனவேஷனுக்குன்னு மூடினாங்க, அதனால இந்த வருஷம் எந்த ஷோ எந்த ஹால்ல, எந்த தேதின்னு தம்பிட்டயே கேட்டுக்கிடுங்க, மத்தவங்க சொல்லுறத நம்பி டிக்கெட் போட வேண்டாம்.

உடுப்புக்கு கவலையே படாதீங்க, பட்டுச்சேலை கட்டுனா பத்து பேரு வந்து நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. ஆனா மேல நல்ல கோட்டு வேணும், டிசம்பர்ல சாயங்காலம் 10 டிகிரி பக்கம் வந்துரும், மழையும் தூறும், காத்து வேற. குத்தாலத்து சாரல்னு நெனச்சு ஒரு சால்வையோட போயிராதீங்க.

நாசரேத்_பாஸ்

அக்கா, நானும் அவன மாதிரிதான். ஊரு நாசரேத் பக்கம், இப்ப லண்டன்ல இருக்கேன், இங்க உள்ள கே மென்ஸ் கோரஸ் கச்சேரி ஒண்ணு விடமாட்டேன். இது 1991ல ஏஞ்சல் டியூப் ஸ்டேஷன்ல கொஞ்ச பேரு நின்னு எய்ட்ஸ் நிவாரணத்துக்கு காசு சேக்க கிறிஸ்மஸ் பாட்டு பாடினதுல ஆரம்பிச்சது, அதாவது நம்ம கேரல் ரவுண்ட்ஸேதான், வேன் மட்டும் இல்ல.

உங்க தம்பி கோரஸ் அதுக்கு மூத்தது. அம்மாட்ட சொல்லணும்னு கேட்டீங்கல்லா, நான் எங்கம்மாட்ட எப்படி சொன்னேனோ அப்படியே எழுதுதேன்.

1978ல கலிஃபோர்னியால ஒரு சட்டம் கொண்டுவரப் பாத்தாங்க, கே ஆளுங்க யாரும் கவர்மெண்ட் ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கக்கூடாதுன்னு. நவம்பர் 7ம் தேதி ஓட்டெடுப்புல அது தோத்துப்போச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, அக்டோபர் கடைசில, ஜான் சிம்ஸ்னு ஒரு இசை ஆசிரியர் அறிவிப்பு போட்டு ஆளு சேத்து இந்த கோரஸோட முதல் பிராக்டிஸ நடத்துனாரு. டிசம்பர்ல முதல் கச்சேரி வைக்கிறதா யோசனை. அதுக்குள்ள நவம்பர் 27, அந்த ஊர் மேயர் மாஸ்கோனியையும், வெளிப்படையா கேன்னு சொல்லி ஜெயிச்ச கவுன்சிலர் ஹார்வி மில்க்கையும் சிட்டி ஹால்ல வச்சே சுட்டுக் கொன்னுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ஆயிரக்கணக்கான ஜனங்க கைல மெழுகுவத்தியோட நடந்து சிட்டி ஹாலுக்கு வந்தாங்க. பிராக்டிஸ் ஆரம்பிச்சு ஒரு மாசம் கூட ஆகாத இந்தப் பசங்க அந்த படிக்கட்டுல நின்னு பாடினாங்க. அதுதான் அவங்க வெளில பாடின முதல் பாட்டு, மெண்டல்சன் எழுதின ஒரு ஜெபப் பாட்டு. துட்டி வீட்டுக்கு போயி பாடுற குவையரா அது பிறந்திருக்கு. எங்கம்மா இதக் கேட்டுட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாவ, நம்ம ஊர்ல சாவு வீட்டுக்கு குவையர் போறது எப்படின்னு அவங்களுக்கு தெரியும்லா.

இவங்களப் பாத்து மத்த ஊர்லயும் நாமளும் ஆரம்பிப்போம்னு ஆரம்பிச்சாங்க, 1981ல இவங்க அமெரிக்கா முழுக்க டூர் போனப்புறம் இன்னும் சில ஊர்லயும் ஆரம்பிச்சாங்க. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், சியாட்டில், வாஷிங்டன், பாஸ்டன்னு எல்லாமே 1979ல இருந்து 82க்குள்ள முளைச்சதுதான். இப்ப இந்த மாதிரி கோரஸ்களுக்குன்னு காலா (GALA)னு ஒரு கூட்டமைப்பே இருக்கு, அதோட பெரிய திருவிழா 2024ல மினியாபோலிஸ்ல நடந்துச்சு.

அதுக்கு நடுவுல எய்ட்ஸ் வந்துச்சு. இத எழுதணுமான்னு யோசிச்சேன், ஆனா தெரியாம போயி உக்காந்தா கச்சேரில பாதி விளங்காது. ஆம்பளைங்க கோரஸ்ல நாலு பார்ட், அதாவது நாலு குரல் வரிசை, முதல் டெனர், ரெண்டாம் டெனர், பாரிட்டோன், பாஸ். சான் ஃபிரான்சிஸ்கோ காரங்க அஞ்சாவது பார்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அது இறந்துபோன மெம்பர்கள். 300 பேருக்கு மேல. சிம்ஸும் 1984ல அதே நோய்லதான் போனாரு. 1993ல ஒரு பத்திரிக்கைக்காக எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க, மேடை நெறைய ஆளு நிக்கும், கொஞ்சமே கொஞ்சம் பேரு மட்டும் வெள்ளை சட்டைல முகத்தக் காட்டி நிப்பாங்க, மிச்ச அத்தனை பேரும் கறுப்பு உடுப்புல முதுகு காட்டி நிப்பாங்க. முகம் தெரியுறவங்கதான் ஆரம்பத்துல சேந்தவங்கள்ல அப்ப உயிரோட இருந்தவங்க. அந்த வருஷங்கள்ல வாரம் பூரா அடக்கத்துக்கு பாடிட்டு வந்து அடுத்த கச்சேரிக்கு பிராக்டிஸ் பண்ணிருக்காங்க, காலியான எடத்துக்கு புது டெனர் தேடிருக்காங்க.

சும்மா_ஒரு_ஆளு

எல்லாம் சரிங்க. பாட்டு பாடணும்னா பாட வேண்டியதான, அதுக்கு எதுக்கு பேர்லயே அத போட்டு போர்டு மாட்டணும்? நம்ம ஊர்ல எத்தனையோ குவையர் இருக்கு, பஜனை கோஷ்டி இருக்கு, யாராச்சும் நாங்க இன்ன மாதிரி ஆளுங்கன்னு சொல்லிட்டா பாடுறாங்க? படுக்கையறை சமாச்சாரத்த மேடைக்கு கொண்டாந்தா பெத்தவங்களுக்குத்தான் தலைகுனிவு. அக்கா கோவிச்சுக்கிட வேண்டாம், மனசுல பட்டத சொன்னேன்.

நாசரேத்_பாஸ்

அண்ணாச்சி, நம்ம ஊர்ல குவையர்ல ஒரு டெனருக்கும் மேல் குரல் பாடுற ஒரு சோப்ரானோ பொண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமானா சர்ச்ல எல்லாரும் கைதட்டுதோம், கல்யாண ஓலை வாசிக்கோம், அன்னைக்கே அந்த ஜோடிய வச்சு டூயட் பாட வைக்கோம். அது மேடைக்கு வந்த சமாச்சாரம் இல்லையா? அது கண்ணுக்கு தெரியாது, ஏன்னா பழகிட்டு. நான் ஊர்ல இருந்த வரைக்கும் ஒரு குவையர்ல பாடினேன், எங்கன்னு சொல்ல வேண்டாம், என்னப்பத்தி யாரோ என்னமோ பேசுனாங்கன்னு காதுல விழுந்த மறுவாரம் எனக்கு புஸ்தகம் குடுக்கல, பாஸ் வரிசைல நாக்காலியும் போடல. ஏன்னு ஒருத்தரும் வாயத்தொறந்து சொல்லல. நான் எந்த போர்டும் மாட்டல அண்ணாச்சி, சும்மா பாடிட்டுத்தான் இருந்தேன்.

1978ல பேர்ல அத போட்டதுக்கு காரணமும் அதேதான். வேலை போகும், வீட்டுக்காரன் காலி பண்ண சொல்லுவான்னு தெரிஞ்சும் போட்டாங்க.

கொடை_பாக்கவன்

நடுவுல நான் ஒண்ணு சொல்லிக்கிடுதேன். இங்கிட்டு சுடலைமாடன் கொடைல கணியான் கூத்து பாத்திருப்பிய. அண்ணாவி பாட, ரெண்டு பேரு மகுடம்ங்கற தோல்கருவிய அடிக்க, ரெண்டு ஆம்பளைங்க சேலை கட்டி சலங்கை போட்டு விடிய விடிய ஆடுதாங்க, ஊரே தரைல உக்காந்து பாக்கு, பொம்பளைங்க புள்ளைய மடில போட்டுட்டு பாக்காங்க, ஒருத்தருக்கும் தலைகுனியல. உடனே கணியான எல்லாம் அந்த மாதிரின்னு நான் சொல்லல, வேஷம் வேற விருப்பம் வேற, அவங்களுக்கு அது சாமி காரியம், பரம்பரைத் தொழில். நான் சொல்ல வந்தது ஆம்பளைன்னா இப்படித்தான் நிக்கணும் இப்படித்தான் பாடணும்னு நம்ம ஊரு எந்தக் காலத்துலயும் அவ்வளவு கறாரா இருந்ததில்ல, இந்த கறார் எல்லாம் பின்னால வந்து ஏறுனது. அந்த தம்பி சூட் போட்டு நின்னு கிறிஸ்மஸ் பாட்டுல்ல பாடப்போறான், அதுக்கு என்ன தலைகுனிவு.

எனக்கு ஒரு சந்தேகம், பொம்பளைங்க இல்லாம எப்படி நாலு பார்ட் வரும்? மேல் குரல் யார் பாடுவா?

பாளை_ஆல்டோ

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாசரேத் தம்பி, நீங்க எழுதினத ஆபீஸ்ல வச்சு வாசிச்சுட்டு பாத்ரூம் போயி மூஞ்சி கழுவிட்டு வந்தேன். புஸ்தகம் குடுக்காம விட்டாங்கன்னு எழுதிருக்கீங்கல்லா, அது எந்த குவையரா இருந்தாலும் சரி, அந்த வரிசைல நான் இருந்திருந்தா என் புஸ்தகத்த தந்திருப்பேன்.

கொடை அண்ணாச்சி கேட்டதுக்கு எனக்கு தெரிஞ்சத சொல்லுதேன். மேல் குரல் எல்லாம் முதல் டெனர் தலைல. ஒசரத்துக்கு போனா பொய்க்குரல்ல, அதாவது ஃபால்செட்டோல பாடுவாங்க. நம்ம பாட்டுல சோப்ரானோ பாடுற ராகம் அங்க பெரும்பாலும் ரெண்டாம் டெனர்ட்டயோ முதல் டெனர்ட்டயோ இருக்கும், நாலு குரலும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப கிட்டக்க இருக்கதால சத்தம் கனமா அடர்த்தியா வரும், ஒருத்தன் கொஞ்சம் சுதி எறங்குனாலும் அப்பட்டமா தெரிஞ்சிரும். தம்பி முதல் டெனர், கடைசி ரிகார்டிங் அனுப்பினான், மேல ஒரு எடத்துல பிடிச்சு நிப்பாட்டுதான் பாருங்க, சின்னதுல அம்மா திட்டித் திட்டி சொல்லிக் குடுத்த மூச்சு அது. அம்மாக்கு அத போட்டுக் காட்டுனேன், கோரஸ் கீரஸ்னு எதும் சொல்லாம தம்பி பாடுதாம்மான்னு மட்டும் சொல்லி. கண்ண மூடி கேட்டுட்டு ரெண்டாம் பக்கத்துல பாஸ் இழுக்கானுவ, அவசரம் இல்லாம வரச் சொல்லுன்னாவ.

சும்மா ஒரு ஆளு அண்ணே, கோவம் எல்லாம் இல்ல. ஆனா தலைகுனிவு யாருக்குன்னு எங்க அம்மா அப்பா முடிவு பண்ணட்டும்.

இன்னொரு கேள்வி. சர்ச் வளாகத்துல யாராச்சும் மகன் அங்க எதுல பாடுதான்னு கேட்டா அம்மா என்ன சொல்லுவாவன்னு அதுதான் அவங்களுக்கு பெரிய கவலை. நம்ம நாட்டுல இப்படி கோரஸ் எதும் இருக்கா?

அம்பை_மும்பை

இருக்கு அக்கா. நான் அம்பாசமுத்திரம், வேலை மும்பைல. இங்க ரெயின்போ வாய்சஸ் மும்பைன்னு ஒரு கொயர் இருக்கு, கே லெஸ்பியன் டிரான்ஸ் எல்லாரும் சேந்து பாடுறது, அமெரிக்கா மாதிரி ஆம்பளைங்க மட்டும் கோரஸ் கிடையாது, ஆளும் அவ்வளவு பெருசு இல்ல. இங்கிலீஷ் பாட்டும் இந்தி பாட்டும் கலந்து வரும்.

சட்டம் பத்தி அப்பாவுக்கு பயம் இருந்தா சொல்லுங்க, 2018 செப்டம்பர் 6 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் இது நம்ம நாட்டுலயும் குத்தம் கிடையாது. நம்ம மதுரை பெஞ்ச்ல 2019ல வந்த தீர்ப்பு ஒண்ணு தூத்துக்குடில நடந்த கல்யாணத்தப் பத்தினதுதான், ஒரு திருநங்கையும் ஒரு ஆணும் கோயில்ல பண்ணின கல்யாணத்த பதிவு பண்ணமாட்டேன்னாங்க, பண்ணித்தான் ஆகணும்னு கோர்ட் சொல்லிட்டு. 2021ல சென்னை ஹைகோர்ட்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவங்கள மாத்துறேன்னு வைத்தியம் பண்ணுறதெல்லாம் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு, அதுக்கு முன்னாடி எனக்கு இது விளங்கணும்னு அவரே கவுன்சிலர்ட்ட போயி உக்காந்து கேட்டுக்கிட்டாரு, அது எனக்கு பெரிய விஷயமா பட்டுது. ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கல்யாணம் பண்ணுற உரிமைய மட்டும் 2023ல சுப்ரீம் கோர்ட் தரல. சென்னைல 2009ல இருந்து ஜூன் மாசம் பிரைட் பேரணி போகுது. திருநெல்வேலில எனக்கு தெரிஞ்சு ஒண்ணும் இல்ல, நாலஞ்சு பேரு டீக்கடைல சந்திச்சு பேசிட்டு தனித்தனியா கலைஞ்சு போறதுதான் நம்ம ஊரு பேரணி.

சர்ச் வளாகத்துல கேட்டா அம்மா சான் ஃபிரான்சிஸ்கோல பெரிய கோரஸ்ல பாடுதான்னு சொல்லட்டும், பொய் ஒண்ணும் இல்லையே. முழுப்பேர எப்ப சொல்லணும்னு அவங்களுக்கே தோணும், தோணாட்டியும் பரவால்ல.

நாசரேத்_பாஸ்

அக்கா, சர்ச் பயம்னா இதயும் சொல்லி வைங்க. உங்க தம்பி கோரஸ 2011ல இருந்து 2022 வரைக்கும் நடத்துன டிம் சீலிக் ஒரு பெரிய பேப்டிஸ்ட் சபைல இசை ஊழியரா இருந்தவரு. 1986ல கேன்னு வெளில சொன்னதும் வேலை போச்சு, வீடு குடும்பம் எல்லாம் சிதறிப் போச்சு. அதுக்கப்புறம் டல்லஸ்ல இதே மாதிரி ஒரு கோரஸ 20 வருஷம் நடத்திட்டு இங்க வந்தாரு. 2017ல இந்த கோரஸ அமெரிக்காவோட தென் மாநிலங்களுக்கு, மிசிசிப்பி அலபாமா டென்னசி கரோலைனா ரெண்டும், டூர் கூட்டிட்டு போனாரு, கூட ஓக்லண்ட்ல இருந்து ஒரு காஸ்பல் குவையரும் போச்சு. கே ஆளுங்களுக்கு அங்கதான் சட்டமும் சபையும் ரொம்ப கெடுபிடி, அங்கயே போயி சர்ச்சுகள்ல பாடினாங்க. மேடைல நின்ன பல பேரு அதே ஊர்கள்ல இருந்து சின்ன வயசுல ஓடிவந்தவங்க, சில பேரோட அப்பா அம்மா அந்தக் கச்சேரிக்குத்தான் முதல்தடவையா வந்திருக்காங்க. 2019ல அதப்பத்தி டாகுமெண்டரி கூட வந்துச்சு. கச்சேரிக்கு முன்னாடி காட்டாதீங்க, அழுதுட்டே போக வேண்டாம், வந்தப்புறம் பாக்கட்டும்.

அம்மாட்ட ரொம்ப விளக்கம் சொல்லாதீங்கங்கதுதான் என் புத்திக்கு படுது. அவங்க வேடிக்கை பாக்க போறவங்க இல்ல, குவையர் ஆளு. பாஸ் இழுக்கானுவன்னு சொன்னாவல்லா, அவங்க ஏற்கனவே உள்ள வந்தாச்சு. தம்பிட்ட சொல்லி பாட்டு நோட்ட முன்னாடியே அனுப்பச் சொல்லுங்க, அஞ்சு கோட்டுல புள்ளி வச்சு எழுதுற ஸ்டாஃப் நோட்டேஷன்தான் இருக்கும், நீங்க சோல்ஃபால மாத்தி எழுதிக் குடுங்க, கச்சேரில அத மடில வச்சிட்டு உக்காந்து தப்பு கண்டுபிடிக்கட்டும்.

சும்மா_ஒரு_ஆளு

நான் சொன்னத வாபஸ் வாங்கல. ஆனா டெனர் கிடைக்கதில்லங்கது நெசம், எங்க பக்கத்துலயும் அதே கதைதான். பெரியவங்க நல்லபடியா போயிட்டு வரட்டும்.

பாளை_ஆல்டோ

சோல்ஃபா யோசனை அருமை, ரெண்டு பாட்டு நேத்தே தம்பி அனுப்பிட்டான், எழுத ஆரம்பிச்சாச்சு. முதல் டெனர் வரிய அம்மா அடுக்களைல ஒரு சுதி எறக்கி பாடிப் பாக்காவ.

அப்பா இன்னைக்கு காலைல டீ குடிக்கையில ஒரே ஒரு கேள்வி கேட்டாவ. அந்த கச்சேரில எடையில இன்டர்வல் விடுவானுவளா, நமக்கு அவ்வளவு நேரம் சேந்தாப்ல உக்கார முடியாதேன்னு. வள்ளியூர் தம்பி, எப்படி?

வள்ளியூர்_ஃப்ரீமாண்ட்

நாங்க போனப்ப விட்டாங்க அக்கா, 15 நிமிஷம். ஆனா பாத்ரூம் க்யூ நீளம், அதனால நடைபாதை ஓரத்து சீட்டா பாத்து போடச் சொல்லுங்க, முட்டிய நீட்டிக்கவும் வசதி. பால்கனி வேண்டாம், படி செங்குத்தா இருக்கும். ஃப்ரீமாண்ட் பக்கம் வந்து இருக்காங்கன்னா பார்ட் (BART)ங்கற உள்ளூர் ட்ரெயின்ல வந்து சிவிக் சென்டர் ஸ்டேஷன்ல எறங்கலாம், ஆனா ராத்திரி திரும்புறது வயசானவங்களுக்கு செட் ஆகாது, தம்பி மேடைல இருப்பான்லா, அதனால நான் கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டு போய் விட்டுருதேன், என் நம்பர தனி மெசேஜ்ல அனுப்புதேன். இங்க பார்க்கிங் சனியன் புடிச்ச வேலை, ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பணும், அத மட்டும் அப்பாட்ட சொல்லி வைங்க.